சாமை ஏன் தட்டை விட்டுப் போச்சு? உணவு முறை ஆராய்ச்சிக்குப் புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

நிலையான உணவு முறைன்னு சொன்ன உடனே நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது நாட்டு விதை, மண்புழு உரம், சொட்டுநீர், பஞ்சகவ்யம். எல்லாமே வேணும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா ஒரு பயிர் வயல்ல நல்லா விளையுறது வேற, அது ஒரு வீட்டு அடுப்புல வேகுறது வேற. ரெண்டுக்கும் நடுவுல யாரோட தோள்பட்டை வலிக்குது, யார் கைல காசு நிக்குது, யாரு பேச்சு வீட்டுல எடுபடுதுன்னு தேடிப் பாக்குறதுதான் சமூக பொருளாதார ஆராய்ச்சி. வேளாண்மையோ ஊட்டச்சத்தோ சமூகப்பணியோ படிச்சிட்டு, ஒரு தொண்டு நிறுவனத்துலயோ உழவர் உற்பத்தியாளர் கம்பெனிலயோ சேர்ந்து, மொத மொதலா நோட்டும் பேனாவுமா ஊருக்குள்ள போகப்போறவங்களுக்காக இதை எழுதுறேன். பொத்தாம்பொதுவா பேசினா எதுவும் மண்டைல நிக்காது, அதனால கொல்லிமலை சாமையைக் கைல வெச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொல்றேன்.

மொதல்ல அந்த மலைல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க

நாமக்கல் மாவட்டத்துல காரவள்ளில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா கொல்லிமலை. மலையாளின்னு பேருள்ள பழங்குடி மக்கள் (கேரளாக்காரங்க இல்ல) இருக்குற ஊருங்க, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடுன்னு நாடு நாடா பிரிஞ்சு கிடக்கும். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு இதுதான் காலங்காலமா அங்க சோறு. சாமைல மட்டுமே மல்லியசாமை, கட்டவெட்டி சாமைன்னு பல ரகம் வெச்சிருந்தாங்க, ஒவ்வொரு சரிவுக்கும் ஒவ்வொரு மண்ணுக்கும் ஏத்த மாதிரி.

அப்புறம் மரவள்ளி மேல ஏறிச்சு. கீழ சேலம் நாமக்கல் பக்கம் முழுக்க ஜவ்வரிசி ஆலை, ஸ்டார்ச் ஆலை, கிழங்கு எவ்வளவு போட்டாலும் லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போகும், கைல மொத்தமா காசு. இன்னொரு பக்கம் ரேஷன் அரிசி, 2008ல கிலோ ஒரு ரூபா, 2011ல இருந்து இலவசம். சாமை நிலம் சுருங்கிக்கிட்டே போச்சு.

இதை வெளில இருந்து பாக்குறவங்க சட்டுனு ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க, மக்கள் பாரம்பரியத்தை மறந்துட்டாங்க, விழிப்புணர்வு முகாம் போடணும்னு. எனக்கு இந்த முடிவு மேல ரொம்பக் கோவம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்ல இருந்து அங்க வேலை பாத்தப்ப வெளில வந்த முக்கியமான விஷயம் வேற. சாமையோட உமி கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை உரல்ல போட்டுக் குத்தி, திருகைல திரிச்சு, முறத்துல புடைச்சு அரிசியாக்குறதுக்குள்ள பொம்பளைங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சுடும். நெல்லுக்கு ஊருக்கு ஊர் மில்லு வந்துடுச்சு, சாமைக்கு வரல. அதாவது சிக்கல் வயல்ல மட்டும் இல்ல, உரல்லயும் இருந்துச்சு. இதைப் புரிஞ்சுக்கிட்டதாலதான் ஊருக்குள்ள உமி நீக்குற மெஷின், விதை வங்கி, சுய உதவிக் குழு மூலமா மாவும் மால்ட்டும் செஞ்சு விக்கிறதுன்னு எல்லாத்தையும் சேர்த்துப் பண்ணினாங்க. நல்ல விதை மட்டும் குடுத்துட்டு வந்திருந்தா குத்துற வேலைதான் கூடியிருக்கும்.

இப்ப நீங்க எப்படி ஆரம்பிக்கிறதுன்னு பாப்போம்.

ஒண்ணு: கேள்வியை சின்னதாக்குங்க

"கொல்லிமலையில் நிலையான உணவு முறைகள் - ஓர் ஆய்வு" இதெல்லாம் கேள்வியே இல்ல, தலைப்பு. ஒரு உணவு, ரெண்டு மூணு ஊரு, ஒரு முடிவு. "இந்த மூணு ஊர்ல முன்னாடி சாமை போட்டு நிறுத்தின வீடுங்க எதனால நிறுத்தினாங்க, இன்னும் போடுறவங்க எதனால விடாம போடுறாங்க?" இப்படிக் கேட்டீங்கன்னா யாரைப் பாக்கணும், என்ன கேக்கணும், எப்ப போதும்னு நிறுத்தணும் எல்லாம் தானா தெரிஞ்சுடும். முக்கியமா நிறுத்தினவங்களை விட்டுடாதீங்க. இன்னும் போடுறவங்களை மட்டும் பேட்டி எடுத்தா உங்களுக்குக் கிடைக்கிறது பெருமைக் கதை, காரணம் கிடைக்காது.

ரெண்டு: ஏற்கனவே இருக்குற கணக்கைப் படிச்சிட்டுப் போங்க

அரசாங்கம் ஏற்கனவே எடுத்து வெச்சிருக்குறதை மறுபடி போய் மக்கள்கிட்ட கேட்டு அவங்க நேரத்தை வீணாக்கக் கூடாது. தமிழ்நாடு பொருளியல் புள்ளியியல் துறை வருஷா வருஷம் போடுற பருவம் மற்றும் பயிர் அறிக்கைல மாவட்டவாரியா பரப்பும் விளைச்சலும் இருக்கு, பத்து இருபது வருஷத்தை அடுக்கி வெச்சுப் பாருங்க. ஊர் அளவுல வேணும்னா விஏஓகிட்ட அடங்கல், அதாவது எந்த நிலத்துல என்ன பயிர்னு எழுதுற ஊர்க் கணக்கு, இருக்கும். நிலம் எவ்வளவுன்னா வேளாண் கணக்கெடுப்பு, 2015-16 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு விவசாயியோட சராசரி நிலமே 0.75 ஹெக்டேர்தான், ரெண்டு ஏக்கர் கூட முழுசா இல்ல, இதை மனசுல வெச்சுக்கிட்டுதான் எந்த யோசனையும் சொல்லணும். சாப்பாட்டுச் செலவுக்கு 2022-23லயும் 2023-24லயும் எடுத்த வீட்டு நுகர்வுச் செலவு சர்வே இருக்கு. உடம்பு நிலவரத்துக்குத் தேசிய குடும்ப நல சர்வே, 2019-21ல எடுத்ததுல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு வந்துச்சு. அரிசி தாராளமா கிடைக்கிற மாநிலத்துல இந்த நிலைமை, வயிறு நிறையுறதை மட்டும் அளந்தா எவ்வளவு விட்டுப்போகும்னு இதுல இருந்தே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் புள்ளிவிவரத்துல சாமை தனியா வராம "இதர சிறுதானியம்"னு ஒரே மூட்டைல கட்டி வெச்சிருப்பாங்க. வீட்டுக்கு மட்டும் கால் ஏக்கர்ல போடுறது, கலப்புப் பயிரா ஊடால தூவுறது இதெல்லாம் அடங்கல்ல ஏறாமலே போகலாம். அதனால கணக்குல இல்லேன்னா ஊர்லயும் இல்லேன்னு முடிவு கட்டாதீங்க.

மூணு: ஊருக்குள்ள போறது

1916ல கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒருத்தர் சென்னைப் பல்கலைக்கழகத்துல பொருளாதாரப் பேராசிரியரா இருந்தப்ப, மாணவர்களை அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச ஊருக்கு லீவுல அனுப்பி, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கடன், என்ன சாப்பாடுன்னு எழுதிட்டு வரச் சொன்னாரு. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் மாதிரி ஊருங்க. அதே ஊருங்களுக்கு 1930கள்லயும் அதுக்கப்புறமும் திரும்பத் திரும்ப ஆளுங்க போய்ப் பாத்ததால நூறு வருஷ மாற்றம் நம்ம கைல இருக்கு. ஆரம்பிச்சு வெச்சது உங்களை மாதிரி மாணவர்கள்தான். அதனால எழுதுறப்ப, இருபது வருஷம் கழிச்சு இன்னொருத்தர் இதே ஊருக்கு வருவாங்கன்னு நினைச்சு எழுதுங்க, தேதி, எந்த அளவை, யாரைக் கேட்டீங்க எல்லாம் தெளிவா இருக்கணும்.

1970கள்ல வட ஆற்காட்டுப் பக்கம் பசுமைப் புரட்சி ஆராய்ச்சிக்கு வந்தவங்கள்ல ராபர்ட் சேம்பர்ஸும் ஒருத்தர், வெளில இருந்து வர்றவங்க தார் ரோட்டு ஓரத்தோட நின்னுடுறாங்க, காய்ஞ்ச காலத்துல மட்டும் வர்றாங்க, ஆம்பளைங்ககிட்டயும் வசதியானவங்ககிட்டயும் மட்டும் பேசிட்டுப் போயிடுறாங்கன்னு பின்னாடி ரொம்ப அழுத்தமா எழுதினாரு. கொல்லிமலைக்கு இது அப்படியே பொருந்தும். செம்மேட்டுல பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டோரம் இருக்குற பத்து வீட்டைப் பாத்துட்டு வந்தீங்கன்னா நீங்க பாத்தது மிளகு, காபி, டூரிஸ்ட் கடை. சாமை இருக்குறது ரோடு முடிஞ்சு நடக்குற எடத்துல, சரிவுக் காட்டுல.

போன உடனே கேள்வித்தாளை நீட்டாதீங்க. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பாத்து எதுக்கு வந்திருக்கோம்னு சொல்லுங்க, ஆனா அவரு சரின்னுட்டாருன்னா எல்லா வீடும் சரின்னுடுச்சுன்னு அர்த்தம் இல்ல, வீட்டுக்கு வீடு தனியா கேக்கணும், வேணாம்னு சொன்னா "சரிங்கம்மா"ன்னு கும்பிட்டுட்டு வந்துடணும். லோன் வரும், திட்டம் வரும்னு வாய் தவறிக்கூட சொல்லக் கூடாது. விதை மாதிரி எடுக்கணும்னா அது ஊர்ச் சொத்து, 2002 உயிரியல் பன்மைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, என்ன அனுமதி வேணும்னு விசாரிச்சிட்டு அப்புறம் கை வைங்க.

நாலு: ஒரு நாளைப் பிரிச்சுப் பாருங்க

இந்த வேலைல இதைவிட முக்கியமானது எதுவும் இல்லைன்னு நான் நினைக்கிறேன். ஒரு அம்மாகிட்ட உக்காந்து "நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கம்மா"ன்னு கேளுங்க. "வழக்கமா என்ன பண்ணுவீங்க"ன்னு கேக்காதீங்க, வழக்கமான்னு கேட்டா அழகா ஒரு பதில் வரும், நேத்துன்னு கேட்டாதான் உண்மை வரும். அவங்க மணி பாத்து வேலை செய்யுறதில்ல, அதனால பஸ் வர்ற நேரம், பள்ளிக்கூடம் விடுற நேரம், மாடு ஓட்டிக்கிட்டு வர்ற நேரம் இதை வெச்சுக் கணக்குப் பண்ணுங்க. நடுவுல ஒரு இடத்துல "அப்புறம் கொஞ்சம் சாமை குத்தினேன்"னு ஒரே வரில போயிடுவாங்க. அங்கதான் நீங்க நிக்கணும். எத்தனை படி? தனியாவா, இன்னொருத்தர் கூட மாத்தி மாத்தியா? குத்தினதை எத்தனை தடவை புடைச்சீங்க? மறுபடி உரல்ல போட்டீங்களா? அந்த நேரம் கைக்குழந்தை யார்கிட்ட இருந்துச்சு? முடிஞ்சா கூடவே நின்னு, அளந்து போட்ட ஒரு படி சாமை அரிசியாகி முறத்துக்கு வர்ற வரைக்கும் கடிகாரம் பாத்து எழுதுங்க, வந்த அரிசியையும் அதே படில அளந்துடுங்க.

2019ல இந்தியா முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுச் சர்வேல, வீட்டுக்குள்ள சம்பளமில்லாத வேலைக்குப் பொம்பளைங்க ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம்னு வந்துச்சு, அந்த வேலை செய்யுறவங்களோட சராசரி இது. அஞ்சு மணி நேரம் ஏற்கனவே போயிடுது, அதுக்கு மேல சாமை குத்தச் சொல்றோம். "ஆரோக்கியமா சாப்பிடுங்க"ன்னு நாம சொல்ற ஒவ்வொரு தடவையும் அந்த வேலை யார் தலைல விழும்னு கேட்டுக்கணும். ஆம்பளைங்களைத் தனியா உக்கார வெச்சு "சாமை ஏன் போடல"ன்னு கேட்டா விலை இல்ல, மழை இல்ல, காட்டுப்பன்னின்னு சொல்லுவாங்க, பொம்பளைங்களைத் தனியா கேட்டா குத்த முடியலன்னு சொல்லுவாங்க. ரெண்டும் உண்மை. ஒரே கூட்டத்துல ரெண்டு பேரையும் வெச்சுக் கேட்டா ரெண்டாவது பதில் வெளிலயே வராது.

அஞ்சு: காசுக் கணக்கு

விவசாயச் செலவை இந்தியால முக்கியமா மூணு விதமா போடுவாங்க, இது தெரியாம எந்த ரிப்போர்ட்டையும் படிக்கவே முடியாது. கைல இருந்து போன காசு, விதை, உரம், கூலி, வாடகை எல்லாம் சேர்ந்தது ஏ2. அது கூட வீட்டு ஆளுங்க உழைப்புக்கும் ஒரு கூலி போட்டா ஏ2 கூட்டல் எஃப்எல். அதுக்கும் மேல சொந்த நிலத்துக்கு ஒரு குத்தகை, போட்ட முதலுக்கு ஒரு வட்டி சேர்த்தா சி2.

சும்மா புரியறதுக்கு ஒரு கற்பனைக் கணக்கு பாருங்க. ஒரு ஏக்கர் சாமைக்குக் கைச்செலவு 6,000 ரூபா, வீட்டு ஆளுங்க உழைச்சது 20 நாள், நாள் கூலி 300ன்னு வெச்சா 6,000, நிலத்துக்கும் முதலுக்கும் ஒரு 3,000, வித்த காசு 10,000. ஏ2 படி பாத்தா 4,000 லாபம். வீட்டு உழைப்பைச் சேர்த்தா 2,000 நட்டம். சி2 படி 5,000 நட்டம். அதே வயல், அதே சாமை. "சாமை லாபகரமான பயிர்"னு ஒருத்தர் சொல்றதும் "கட்டுப்படியாகாது"ன்னு விவசாயி சொல்றதும் ஒரே நேரத்துல சரியா இருக்குறது இதனாலதான். குறைந்தபட்ச ஆதரவு விலை செலவைப் போல ஒன்றரை மடங்குன்னு 2018ல இருந்து அரசாங்கம் சொல்றது ஏ2 கூட்டல் எஃப்எல் மேல, விவசாய சங்கங்க கேக்குறது சி2 மேல, சண்டை அங்கதான் இருக்கு.

மரவள்ளியோட ஒப்பிடும்போது கவனமா இருங்க. சாமை மூணு நாலு மாசத்துல வெட்டிடலாம், மரவள்ளி பத்து மாசம் வரைக்கும் நிலத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், அதனால ஏக்கருக்கு மட்டும் இல்லாம வருஷத்துக்கும் சேர்த்துப் போடணும். கிழங்குக்கு ஆலைல மாவுச்சத்து பாயிண்ட் பாத்துதான் விலை, பாயிண்ட் குறைஞ்சா மூட்டை விலையும் இறங்கிடும், விவசாயிங்ககிட்ட "இந்தத் தடவை எத்தனை பாயிண்ட் வந்துச்சு"ன்னு கேளுங்க, நல்லா பேசுவாங்க. சரிவு நிலத்துல கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணு கிளறப்பட்டு அடுத்த மழைல ஓடிப்போறது எந்தக் கணக்குப் புத்தகத்துலயும் வராது, அதை நீங்கதான் குறிச்சு வெக்கணும். அதே மாதிரி சாமை வைக்கோல் மாட்டுக்கு, அடுத்த வருஷ விதை, வீட்டுல சாப்பிட்டது, இதுக்கெல்லாம் ஒரு விலை போடாம விட்டா சாமை எப்பவுமே தோத்துப்போகும். வீட்டுல சாப்பிட்டதுக்கு வித்த விலை போடுறதா, இல்ல கடைல வாங்கியிருந்தா ஆகுற விலை போடுறதான்னு ஒரு கேள்வி வரும், ரெண்டையும் போட்டுக் காட்டுங்க.

அளவை விஷயத்துல அவசரப்படாதீங்க. படி, வள்ளம், மூட்டைன்னு சொல்லுவாங்க, ஊருக்கு ஊரு மாறும், ஒரு சின்ன எடைத் தராசு கையோட கொண்டு போய் அவங்க படில ஒண்ணு அளந்து அங்கயே நிறுத்துக்கோங்க.

ஆறு: மூட்டை பின்னாடியே போங்க

வயல்ல இருந்து கடை வரைக்கும் ஒரு மூட்டை எத்தனை கை மாறுதுன்னு நேர்ல போய்ப் பாக்கணும். மலை மேல வாங்குற வியாபாரி, கீழ மில்லு, மொத்தக் கடை, சேலத்துலயோ சென்னைலயோ இருக்குற ஆர்கானிக் கடை. சாமையை உமி நீக்கினா 100 கிலோவுக்கு 60, 65 கிலோ அரிசி தேறினா நல்லது. விவசாயிக்குக் கிலோ 40ன்னு வெச்சா, கடை விலை 110ன்னா, நடுவுல 70 ரூபா கொள்ளைன்னு எழுதிடக் கூடாது, 65 கிலோ தேறுதுன்னா ஒரு கிலோ அரிசிக்கான மூலப்பொருளே 60 ரூபாய்க்கு மேல ஆகுது, அப்புறம் கல் நீக்குறது, சிப்பம் போடுறது, மலை இறக்குற வண்டி வாடகை, விக்காம வண்டு விழுந்தது. எல்லாம் போக யார்கிட்ட எவ்வளவு நிக்குதுன்னு பாருங்க. வியாபாரியை வில்லனா நினைச்சுக்கிட்டுப் போனா அவரும் பேச மாட்டாரு. அவருதான் அவசரத்துக்கு முன்பணம் குடுக்குறவராவும் இருப்பாரு, அந்த முன்பணத்தாலதான் விவசாயி வேற யாருக்கும் விக்க முடியாமப் போறதும் உண்டு. அதையும் கேட்டு எழுதுங்க.

ஏழு: தட்டு

விளைஞ்சுது, வித்துச்சு, சரி, வீட்டுல யார் சாப்பிட்டாங்க? நேத்து 24 மணி நேரத்துல என்னென்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டு, பத்து உணவு வகைல எத்தனை வந்துச்சுன்னு எண்ணுற ஒரு எளிய அளவுகோல் உலகம் முழுக்கப் பயன்படுத்துறாங்க, பொம்பளைங்களுக்குக் குறைஞ்சது அஞ்சு வகையாவது வரணும். திருவிழா, கல்யாணம், அமாவாசைக்கு மறுநாள் போய்க் கேக்காதீங்க. காட்டுக் கீரை, கிழங்கு, பலாக்கொட்டை இதையெல்லாம் சாப்பாடுன்னே அவங்க சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேட்டு வாங்கணும். சாமைச் சோறு கஷ்ட காலச் சோறு, அரிசிச் சோறுதான் கௌரவம்னு ஒரு எண்ணம் பல வீட்டுல ஓடும். அதைக் குறையா நினைக்காதீங்க, பசியைப் பாத்த தலைமுறைக்கு வெள்ளைச் சோறு ஒரு வெற்றி, அதை மதிச்சுதான் மேல பேச முடியும்.

எட்டு: எழுதினதை யார்கிட்ட குடுக்குறது

மொதல்ல ஊருக்கு. ஒரு சாயந்திரம் கூட்டிவெச்சு "நீங்க சொன்னதுல நாங்க புரிஞ்சுக்கிட்டது இது"ன்னு படிச்சுக் காட்டுங்க. "அது அப்படி இல்லப்பா"ன்னு யாராவது எந்திரிச்சாங்கன்னா அதுதான் உங்க ஆராய்ச்சிக்குக் கிடைச்ச நல்ல திருத்தம்.

அடுத்து முடிவெடுக்குறவங்களுக்கு. ஒடிசால 2017ல சிறுதானிய இயக்கம் ஆரம்பிச்சப்ப, நபகிருஷ்ண சௌத்ரி வளர்ச்சி ஆய்வு மையம்னு ஒரு சமூக அறிவியல் நிறுவனத்தையும் உள்ள கொண்டு வந்தாங்க, ஆரம்ப நிலைச் சர்வேல இருந்து பின்தொடர்ந்து பாக்குறது வரைக்கும் அவங்க வேலை. விளைச்சல் மட்டும் இல்லாம, அரைக்கிறது, கொள்முதல் பண்றது, வீட்டுல சாப்பிட வெக்கிறது எல்லாம் ஒரே திட்டத்துக்குள்ள வந்துச்சு. நம்ம பக்கம் 2023ல நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைங்கள்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு குடுக்க ஆரம்பிச்சாங்க. கேழ்வரகு அப்படியே அரைச்சா மாவு, உமி நீக்குற தொல்லை இல்ல, அதனால ரேஷனுக்குள்ள நுழையுறது சுலபம். சாமையை அப்படிக் குடுக்கணும்னா முதல்ல ஒவ்வொரு ஒன்றியத்துலயும் மில்லு வேணும், அந்த மில்லை யார் நடத்துவாங்க, கரண்ட் பில்லு யாரு கட்டுவாங்க, குழுல இருக்குற பொம்பளைங்களுக்கு மெஷின் ரிப்பேர் பாக்க யாரு கத்துக்குடுப்பாங்கன்னு கணக்கோட கேட்டாதான் அதிகாரி காது குடுப்பாரு. அதனால நூறு பக்க ரிப்போர்ட்டு கூடவே ரெண்டு பக்கத்துல ஒண்ணு எழுதுங்க, ஒரு படி சாமை குத்த எவ்வளவு நேரம், மெஷின்ல எவ்வளவு நேரம், மூணு விதக் கணக்குல லாப நட்டம், எத்தனை வீடு மெஷின் வந்தா மறுபடி போடுறோம்னு சொன்னாங்க. கலெக்டர் ஆபீஸ்ல, வேளாண் உதவி இயக்குநர்கிட்ட, உங்க உழவர் கம்பெனி போர்டு கூட்டத்துல, மூணு எடத்துலயும் அதே ரெண்டு பக்கத்தை வெச்சுப் பேசலாம். பேர், வீட்டு எண், கடன் விவரம் எதுவும் அதுல வரக் கூடாது, கேள்வித்தாள் கட்டு பூட்டின பீரோவுல இருக்கட்டும், ஊர்ப் பேரைப் போடுறதா வேணாமான்னு ஊர்க்காரங்களையே கேட்டுக்கோங்க.